பாஸாகாத வார்த்தைகள்

அந்தப் பனியன் ஊரில் வெள்ளை என்று ஒற்றை நிறம் கிடையாது. பால் வெள்ளை உண்டு, சுண்ணாம்பு வெள்ளை உண்டு, நீலம் ஒரு துளி கூடிப்போன வெள்ளையும் மஞ்சளை ஒரு துளி ஒளித்துவைத்திருக்கும் வெள்ளையும் உண்டு, இவற்றையெல்லாம் டியூப்லைட்டின் அடியில் கண்ணிமைக்கும் நேரத்தில் இனம்பிரித்து எறிகிற பெண்கள் உண்டு, அந்தப் பெண்களில் ஒருத்தியான மரகதமணிக்குப் பிறந்த மகளின் நிழல் மட்டும் கறுப்பாக இல்லை.

பிறந்தவுடன் இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கைக்குழந்தைக்குத் தனி நிழல் ஏது? இடுப்பில் இருக்கும்வரை அதன் நிழல் தாயின் நிழலுக்குள்தான் கிடக்கும். நிதர்சனா என்று பெயரிடப்பட்ட அந்தக் குழந்தை பத்து மாதம் கழித்து, லைன்வீட்டுத் தண்ணீர்க் குழாயடியில், ஈரச் சிமெண்டின் மேல் தானாக எழுந்து நின்று முதல் அடியை எடுத்துவைத்த காலையில்தான், அவள் காலடியிலிருந்து மாதுளை முத்தின் நிறத்தில் ஒரு சின்ன நிழல் நீண்டு, குடங்களின் மேல் ஏறி, வரிசையில் நின்ற பெண்களின் பாதங்களில் போய்ப் படுத்துக்கொண்டது. குடம் நிரம்பி வழிந்ததே தவிர யாரும் அலறவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒருத்தி சொன்னாள்:

"நல்ல கலருங்க. துவைச்சாப் போவாது."

மறுநாள் அது கிளிப்பச்சையாக இருந்தது. அதற்கு மறுநாள் பழுத்த எலுமிச்சையின் மஞ்சள். ஒரு நாளைக்கு ஒரு நிறம், காலையில் வெயில் விழுந்ததிலிருந்து மாலையில் வெயில் சாயும்வரை அதே நிறம். விளக்கு வெளிச்சத்தில் மட்டும் எல்லோருக்கும் போல வெறும் கறுப்பு. குழந்தை சிரித்தால் இந்த நிறம், அழுதால் அந்த நிறம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் தோற்றுப்போனார்கள். அவளுடைய தகப்பன் சென்னியப்பன் சாயப்பட்டறையிலிருந்து கம்பெனிக்குத் துணி ஏற்றும் டெம்போ ஓட்டுகிறவன் என்பதால் சாயத் தண்ணீர் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள் சிலர். பூர்வஜென்மம் என்றார்கள் சிலர். காரணம் சொல்லுகிறவர்களுக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை, அவர்களில் ஒருவரும் குழந்தைக்கு ஒருவேளை பால் வாங்கிக் கொடுத்ததாகத் தகவலும் இல்லை. சென்னியப்பன் மட்டும் காரணம் தேடவில்லை. "நம்மெல்லாம் பழைய பிளாக் அண்ட் ஒயிட்டுங்க, எம் புள்ளை கலர் டிவி" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

அதிசயம் முதல் வாரத்தில் கூட்டம் சேர்த்தது, இரண்டாவது வாரத்தில் வேலைக்கு உதவத் தொடங்கியது. தக்காளி வண்டிக்காரர் சிவப்பு நாட்களில் குழந்தையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார், காய்கள் பழமாகத் தெரிந்தன. நீல நாட்களில் "அக்கட்டால போயி வெளையாடு சாமி" என்று கெஞ்சினார். இஸ்திரிக்காரர் கறை எது நிழல் எது என்று தெரியாமல் திணறி, அவளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்துத் தெருவின் மறுபக்கத்துக்கு அனுப்பினார், அதனால் தினமும் ஒருமுறை அவள் தவறாமல் அங்கே வந்து நின்றாள். மூன்றாம் வீட்டுப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, அன்றைய நிழல் சந்தன மஞ்சளாக இருந்ததால், குழந்தையை வாசலில் நிறுத்தி அந்த மஞ்சள் பெண்ணின் முகத்தில் விழும்படி ஏற்பாடு செய்தார்கள், சம்பந்தம் முடிந்தது, முடிந்த பிறகு, பெண் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் சிவப்பாக இருந்தாளே என்று மாமியார் ஆயுள் முழுக்கச் சந்தேகப்பட்டாள். தேர்தல் வந்தபோது எந்தக் கட்சியின் கொடி நிறத்தில் எத்தனை நாள் நிழல் விழுந்தது என்று கட்சிக்காரர்கள் சண்டையிட்டார்கள், ஓட்டுப்பதிவு அன்று குழந்தையை வீட்டுக்குள்ளேயே வைக்கும்படி ஒரு போலீஸ்காரர் வந்து, தலையைச் சொறிந்துகொண்டே, சொல்லிவிட்டுப் போனார். யாரோ ஒருவர் ஓர் உண்டியலைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். மரகதமணி வேலைபார்க்கும் கம்பெனியில் செக்கிங் பகுதியின் மேற்பார்வையாளரான வேலாத்தா, ஐம்பது வயதும் அதற்கேற்ற குரலும் உள்ளவள், அந்த உண்டியலைத் தூக்கி அவர் கையிலேயே கொடுத்து, "இதுல மொதல்ல உங்க வெக்கத்தைப் போட்டுட்டுப் போங்க" என்றாள்.

இப்படியாக அந்தத் தெரு அவளுடைய நிழலைத் தன் காலையின் ஒரு பகுதியாக ஆக்கிக்கொண்டது. எழுந்ததும் பால் வந்ததா, தண்ணீர் வந்ததா என்று கேட்பதுபோல், "இன்னிக்கு நித்து என்ன கலர்?" என்றும் கேட்டார்கள். தெருக் குழந்தைகள் அந்த நிழலுக்குள் நிற்க அடித்துக்கொண்டார்கள். உள்ளே நின்றால் எதுவும் நடக்காது. நோய் தீராது, படிப்பு வராது. கையை நீட்டினால் கை அந்த நிறமாக இருக்கும், அவ்வளவுதான். குழந்தைகளுக்கு அது போதுமானதாக இருந்தது.

கேடு ஆங்கிலத்தில் வந்தது.

இதைப் புரிந்துகொள்ள அந்தக் கம்பெனியின் செக்கிங் மேஜையைப் பற்றிச் சொல்லவேண்டும். தைத்து முடித்த பனியன்கள் மலையாக வந்து அந்த மேஜையில் விழும்; பெண்கள் நின்றபடியே ஒவ்வொன்றையும் புரட்டி, உள்ளை வெளியாக்கி, தோள்தையலை இழுத்து, கழுத்தை விரித்துப் பார்ப்பார்கள்; குறை தென்பட்ட இடத்தில் அம்பு வடிவத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், குறையில்லாததன் மேல் வட்டமாக ஒரு பச்சை ஸ்டிக்கர், அது பாஸ். தமிழில் நாள் முழுவதும் பேசிச் சிரிக்கிற அந்த மேஜையில் குறைகளுக்கு மட்டும் தமிழ்ப் பெயர் கிடையாது. ஓட்டை அங்கே ஹோல், எண்ணெய்க் கறை ஆயில் ஸ்டெயின், தையல் பிரிந்தது ஓப்பன் சீம். திருத்த முடிந்தால் ஆல்டர், முடியாவிட்டால் ரிஜெக்ட். ஆகவே அந்தப் பெண்களுக்கு ஓர் ஆங்கிலச் சொல் காதில் விழுந்தாலே விரல் தானாகச் சிவப்பு ஸ்டிக்கரைத் தேடும். இதை அறியாமை என்று படித்தவர்கள் சொல்லக்கூடும். தமிழில் திட்டினால் சண்டை என்றும் ஆங்கிலத்தில் திட்டினால் நோய் என்றும் எடுத்துக்கொள்ளும் படித்தவர்களுக்கு அதைச் சொல்லும் தகுதி இருப்பதாகத் தெரியவில்லை.

நிதர்சனா பள்ளி விட்டதும் கம்பெனி வேனில் வந்து, அம்மாவின் ஓவர்டைம் முடியும்வரை அந்த மேஜைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். எழுத்துக் கூட்டப் பழகுமுன்பே அவளுக்கு ஸ்டிக்கர் தெரியும்.

அவளைப் பற்றிய சொற்கள் முதலில் ஒன்றிரண்டாகத்தான் வந்தன. காய்ச்சலுக்குப் போன இடத்தில் டாக்டர் "ரேர்" என்றார். வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த மெர்ச்சண்டைசர் பையன் "யுனீக்" என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டான். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் "கொஞ்சம் ஆட்தான்" என்றார். ஒவ்வொன்றையும் மேஜைக்கு அடியிலிருந்தோ அம்மாவின் முந்தானைக்குப் பின்னாலிருந்தோ குழந்தை கேட்டு வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் வகுப்புக்கு அவளை இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கு மாற்றினார்கள். அந்தப் பள்ளியில் காலைப் பிரேயர் மைதானத்தில் நடக்கும். ஒரு புதன்கிழமை, எல்லோரும் வெள்ளை யூனிஃபார்ம் அணிந்துவரும் நாளில், அவளுடைய நிழல் நாவல்பழத்தின் நிறத்தில் இருந்தது. கிழக்கு வெயில் அதை நீட்டி முன்வரிசைக் குழந்தைகளின் முதுகில் சார்த்தியது. வெளியே நின்ற ஒரு தகப்பன் தன் மகளின் சட்டையில் யாரோ மையைக் கொட்டிவிட்டதாகக் கூச்சலிட்டார். அது மை இல்லை என்று தெரிந்த பிறகு கூச்சல் இன்னும் உயர்ந்தது. மை என்றால் துவைத்துவிடலாம் அல்லவா? மரகதமணியை வரச்சொல்லி ஆள் வந்தது.

பிரின்சிபல் கெட்டவள் இல்லை. களைத்துப்போனவள், பெற்றோர்களின் புகாரைக் காலையும் மாலையும் மருந்துபோல உட்கொண்டு வாழ்கிறவள். "இது அப்நார்மல்ங்க" என்றாள். "மத்த பேரண்ட்ஸ் கேக்கறாங்க, நான் என்ன பதில் சொல்றது? வேற ஸ்கூல் பாக்கறதுன்னாலும் பாருங்க. அதுவரைக்கும் பிரேயர் டைம்ல அவ வெயில்ல நிக்கவேண்டாம். வராண்டாவுல நிக்கட்டும்."

மரகதமணி தலையாட்டினாள். ஆங்கிலம் பேசும் அறைகளில் தலையாட்டிப் பழகிய கழுத்து அது. எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று கேட்ட மகள், அவளோடு வெளியே வந்து தெருமுனை திரும்பியதும் நின்றாள். அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்:

"அம்மா, அப்நார்மல்னா எந்த டிபெக்டு? ஆல்டர் பண்ணலாமா, ரிஜெக்டா?"

பதினேழு வருடமாகச் செக்கிங் மேஜையில் நின்றவள். நூலிழை தப்பினால் கண்டுபிடிப்பாள். அந்தச் சொல் மட்டும் அவள் மேஜைக்கு வந்ததில்லை. "வூட்டுக்குப் போயிச் சொல்றேன் கண்ணு" என்றாள், வீட்டுக்குப் போய்ச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து குழந்தை வெயிலில் இறங்கவில்லை. வராண்டாவில் நிற்கச் சொன்ன உத்தரவை அவள் ஊர் முழுவதற்கும் விரித்துக்கொண்டாள். சுவரோரமாக நடந்தாள், சுவர் முடிகிற இடத்தில் நின்று, யாராவது பெரியவர்கள் வரும்வரை காத்திருந்து, அவர்களுடைய நிழலுக்குள் நுழைந்து, அதைவிட்டு வெளியே கால் படாமல் ஒட்டி நடந்து அடுத்த சுவரை அடைந்தாள். மேகம் மூடிய நாட்களில் சந்தோஷமாக இருந்தாள். தெருவில் "இன்னிக்கு என்ன கலர்?" என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. தக்காளிக்காரர், சிவப்போ நீலமோ எதுவாயிருந்தாலும் பரவாயில்லை, ஒருமுறை வந்து நிற்கட்டும் என்றார். இஸ்திரிக்காரரின் மிட்டாய்கள் பெட்டியில் இளகிப்போயின. மின்சாரம் நின்ற வீட்டில் இருப்பதுபோல் அந்தத் தெரு, கண் பழகிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு, தடவித் தடவி நடந்தது.

ஒரு மாலை குளிப்பாட்டும்போது மகளின் வலது குதிகாலில் ஏதோ ஒட்டியிருப்பதை மரகதமணி பார்த்தாள். சிவப்பு ஸ்டிக்கர். அதன் அம்புமுனை, நிழல் உடம்பைவிட்டுப் புறப்படுகிற அந்த இடத்தை, மிகச் சரியாக, எந்தச் செக்கரும் குறைசொல்ல முடியாதபடி, சுட்டிக்கொண்டிருந்தது.

"யாரு ஒட்டுனது சாமி?"

"நாந்தான். மறந்துட்டா பாஸ்ல போயிருமில்ல?"

மரகதமணி ஸ்டிக்கரை உரித்தாள். மறுநாள் அதே இடத்தில் வேறொன்று இருந்தது.

மருந்துக்கடை மாடியில் ஹெலன் சுகிர்தா என்பவள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திவந்தாள். நாகர்கோவில் பக்கத்துக்காரி, முப்பது வயது, கல்யாணம் எப்போது என்று கேட்கிறவர்களுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லி வாயடைக்கிறவள். மரகதமணி அவளிடம் போய், பள்ளியில் நடந்ததைச் சொல்லி, பிரின்சிபலிடம் திருப்பிச் சொல்ல என் மகளுக்கு ஒரு வார்த்தை வேண்டும் என்றாள்.

"என்ன வார்த்தை?"

"எல்லாரு மாதிரியும் இல்லைங்கறதுக்கு ஒரு வார்த்தைங்க. இங்கிலீசுல. ஆனா அதைக் கேட்டா புள்ளை வெயில்ல எறங்கோணும்."

ஹெலன் சிறிது நேரம் சாக்பீஸை உருட்டிக்கொண்டிருந்தாள். "நெறைய இருக்கு" என்றாள். "ஞாயித்துக்கிழமை வாங்க. எல்லாத்தையும் எறக்கிப் போடுதேன். நீங்களே பாத்து எடுத்துக்கிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை மரகதமணி தனியாக வரவில்லை. வேலாத்தா வந்தாள், எதிர் மேஜையில் நிற்கும் ஷகிலா வந்தாள், செக்கிங் பகுதியே தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு மாடியேறி, பெஞ்சுகளில் உட்காராமல், வேலைசெய்யும் பழக்கத்தில், பலகைக்கு முன்னால் வரிசையாக நின்றது. நிதர்சனா மட்டும் கடைசி பெஞ்சில், ஜன்னல் வெயில் எட்டாத மூலையில், காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். ஹெலன் பலகை கொள்ளாமல் எழுதியிருந்தாள். ஒவ்வொன்றாகப் படித்து அர்த்தம் சொன்னாள். அந்தப் பெண்கள் ஒவ்வொன்றையும் வாங்கி, புரட்டி, உள்ளை வெளியாக்கி, இழுத்துப் பார்த்தார்கள்.

"ரேர். எப்பவாவது ஒண்ணுதான் கெடைக்கும்னு அர்த்தம்."

"அதுல மருந்து வாடை அடிக்குதுங்க மிஸ்" என்றாள் ஷகிலா. "டாக்டர் அதைச் சொன்னாலே அடுத்து ஸ்கேன்தான்."

"யுனீக். இதுமாதிரி வேற கெடையாது."

"கெடையாதாமா!" வேலாத்தா சிரித்தாள். "எங்க மெர்ச்சண்டைசர் தம்பி ஃபாரின் பையருக்கு மெயில் போடறப்ப எல்லா டிசைனும் யுனீக்குத்தான். சீசனுக்கு ஒரு லோடு பாக்கறமே."

"ஆட். மத்ததோட ஒட்டாதது."

"மிச்ச பீஸுங்க. ஜோடி சேராதது. கிலோக் கணக்குல அள்ளிட்டுப் போவாங்க. அடுத்தது."

"ஸ்பெஷல்."

"தீவாளிக்கு ஸ்பெஷல் பஸ்ஸு வுடுவான் பாருங்க, டபுள் டிக்கெட்டு, அதே கிழிஞ்ச சீட்டு."

"வியர்ட். விசித்திரமானது." சொல்லும்போதே ஹெலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பாருங்க, உங்க வாயே கோணுது. வாய் கோணற வார்த்தை வேண்டாங்க."

"ஸ்ட்ரேஞ்ச். புதுசா, பழக்கமில்லாம, வெளியாள் மாதிரி."

இதற்கு மரகதமணியே பேசினாள். "என் வயித்துல பொறந்தவ எனக்கு எப்படிங்க வெளியாளு?"

ஹெலன் அதை அழித்தாள். "சரி. அன்யூஷுவல். வழக்கத்துல இல்லாதது."

"எனக்கு வழக்கந்தானுங்களே" என்றாள் மரகதமணி. குரல் தாழ்ந்திருந்தது. "காத்தால எந்திரிச்சு கதவைத் தொறந்து, இவளை வாசல்ல நிறுத்தி, மொதல்ல அதைத்தானுங்க பாப்பேன். அப்பறந்தான் அடுப்பு. ஆறு வருசமா அதுதான் வழக்கம். இப்பப் பாக்காம இருக்கறதுதான் நீங்க சொல்ற வார்த்தை."

ஷகிலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னும் என்ன இருக்குது மிஸ், எடுங்க" என்றாள்.

"எக்ஸ்ட்ராஆர்டினரி. சாதாரணத்துக்கு மேல, ரொம்ப மேல."

இந்தச் சொல்லை அவர்கள் நிறைய நேரம் வைத்துப் பார்த்தார்கள். தையல் ஒழுங்காக இருந்தது, கறை இல்லை, வாடை இல்லை. வேலாத்தா அதை வாயில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். பிறகு ஷகிலா திரும்பி, கடைசி பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த உருவத்தைப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினாள்.

"துணி நல்ல துணிதான். சைஸ் நெம்பப் பெருசு. இவளுக்குப் போட்டுவிட்டா தரையில இழுபட்டு, தடுக்கி வுழுந்துருவா."

"வொண்டர்ஃபுல்?" ஹெலனின் குரலில் இப்போது கெஞ்சல் இருந்தது. "இதுல கொறையே கெடையாது. ஆச்சரியம் நெறஞ்சதுன்னு அர்த்தம்."

"நல்ல கலராத்தான் இருந்திருக்கும்" என்றாள் வேலாத்தா. "டீ வொண்டர்ஃபுல்லு, சேலை வொண்டர்ஃபுல்லு, செல்போன்ல குட்மார்னிங் வொண்டர்ஃபுல்லு. போட்டுப் போட்டு வெளுத்துப் போச்சுங்க மிஸ். வாஷிங்ல நிக்கலை."

பெக்யூலியர் விழுந்தது, எக்ஸெப்ஷனல் விழுந்தது, ரிமார்க்கபிள் விழுந்தது. அப்நார்மல் என்ற சொல்லை ஹெலன் எழுதவே இல்லை. மரகதமணி கேட்டு எழுதவைத்தாள். எழுதியதும் பக்கத்தில் போய் நின்று, அந்த எழுத்துகளை விரலால் தடவி, நாள் முழுவதும் ஆயிரம் துணியைப் பார்க்கும் அதே பொறுமையுடன், இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து அதன்மேல் ஒட்டினாள்.

ஹெலன் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தாள். "எங்கிட்ட உள்ள சரக்கு இவ்வளவுதான் மரகதம். நாளைக்கு அந்த பிரின்சிபல் அம்மாகிட்ட என்னன்னு சொல்லுவீங்க?"

"சொல்றதுக்கு ஒண்ணு கெடச்சிருச்சுங்க மிஸ்."

திங்கட்கிழமை காலை அவர்கள் எல்லோரும் ஷிஃப்டுக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். மகளைச் சுவர் நிழல்களின் வழியே அழைத்துவந்து வராண்டாவில் ஷகிலாவோடு நிறுத்திவிட்டு, மரகதமணி பிரின்சிபலின் அறைக்குள் நுழைந்தாள். அவளுக்குப் பின்னால் வேலாத்தா, வாசலை முழுவதுமாக அடைத்துக்கொண்டு.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க மேடம்" என்றாள் மரகதமணி. "கொண்டுபோயி செக் பண்ணிப் பாத்தோமுங்க. அதோட சேந்த வார்த்தை எல்லாத்தையும் பாத்தோம். ஒண்ணும் பாஸாகலைங்க. வார்த்தையில டிபெக்டு. புள்ளைகிட்ட இல்லை."

பிரின்சிபல் நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்க, ஆனா அந்த யூனிஃபார்ம்..." என்றாள்.

"துணி எங்க பொழப்புங்க. நெழலு வுழுந்து கறையான துணிய இதுவரைக்கும் ஒருத்தரும் கொண்டாந்ததில்லை."

அப்போது மைதானத்தில் பிரேயர் மணி அடித்தது. பிரின்சிபல் ஜன்னல் பக்கம் பார்த்தாள், பார்த்தவள் எழுந்து நின்றாள். இரண்டாம் வகுப்பு வரிசையின் நடுவில் ஒரு பிள்ளை நிற்கும் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. அது மட்டுமில்லை, அந்த இடத்துக்கு முன்னால், கிழக்கு வெயில் நிழலைக் கொண்டுபோய்ப் போடும் திசையில், நீளமாக, ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு வெற்றுத் தரை. முன்வரிசைக் குழந்தைகள் அதை மிதிக்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுங்கி நெருக்கியடித்து நின்றார்கள்.

"பி.டி. சார்! அந்த லைன் ஏன் அப்படி இருக்கு?"

வெளியே நின்ற பி.டி. மாஸ்டர் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஜன்னலருகே வந்தார். "தெனமும் சொல்லித்தான் பாக்கறேன் மேடம். நகர மாட்டேங்குதுங்க. கேட்டா, அது நிதர்சனா எடமாம். முன்னால இருக்கறது அவ நெழலு எடமாம். மிதிக்கக்கூடாதாம்."

பிரின்சிபல் அந்த வெற்றுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றோர்களின் குரலுக்கு நடுவே குழந்தைகளின் குரல் தன் காதுக்கு எட்டாமல் போனதை அவள் நினைத்தாளோ என்னவோ, நமக்குத் தெரியாது. "பிரேயர் ஆரம்பிக்கப் போகுது" என்றாள், மேஜைமேல் இருந்த எதையோ தேடுகிறவள்போல. "லேட்டாயிரும். அவளைப் போய் லைன்ல நிக்கச் சொல்லுங்க."

நிதர்சனா வராண்டாவின் விளிம்பில் நின்றாள். கூரையின் நிழல் முடிந்து வெயில் தொடங்கும் கோட்டுக்கு அந்தப்பக்கம் அவள் ஷூவின் நுனிகூடப் போகவில்லை. மரகதமணி அவளுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"மேடம் போகச் சொல்லிட்டாங்க கண்ணு."

"நான் ஆல்டரா, ரிஜெக்டா? நீ இன்னும் சொல்லவேயில்லை."

மரகதமணி மகளின் காலரைச் சரிசெய்தாள், செய்யவேண்டிய அவசியம் இல்லாதபோதும்.

"ரெண்டுமில்லை, பாஸுமில்லை. உன்னைய நான் மேசைக்கே எடுக்கலை சாமி. மேசைக்கு வாரது துணி. நீ புள்ளை."

குழந்தை அதைப் புரட்டிப் பார்த்தாள். உள்ளை வெளியாக்கி, தையலை இழுத்து, அவளுக்கே உரிய நிதானத்தில். பிறகு கைகளை அம்மாவின் கழுத்தில் போட்டு, ஒரு காலைத் தூக்கி ஷூவைக் கழற்றி, சாக்ஸுக்குள் விரலை விட்டு, அன்று காலையில் ஒட்டிய சிவப்பு அம்பை உரித்து எடுத்தாள். அதைச் சுருட்டி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டு, சாய்ந்து அம்மாவை ஒரு நொடி இறுக்கிக் கட்டிக்கொண்டு, அம்மாவின் பின்பக்கம் குதிகாலருகே ஏதோ கீழே விழுந்ததை எடுப்பவள்போல் குனிந்து நிமிர்ந்து, கோட்டைத் தாண்டினாள்.

நிழல் விழுந்தது.

வெகுநாள் உள்ளேயே மடித்து வைத்திருந்த துணியை உதறி விரித்ததுபோல் அது விழுந்து, காத்திருந்த அந்த வெற்றுத் தரையின் முழு நீளத்துக்கும், ஒரு விரற்கடை குறையாமல், போய்ப் பொருந்தியது. இரண்டாம் வகுப்பிலிருந்து ஒரு மூச்சு எழுந்தது. பிறகு இரு பக்கமும் ஒதுங்கி நின்ற குழந்தைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உள்ளே கையை நீட்டினார்கள், பி.டி. மாஸ்டர் விசிலை வாயில் வைத்து, ஊதாமல், எடுத்துவிட்டார்.

கம்பெனிக்குத் திரும்பும் வழியெல்லாம் பெண்கள் அது என்ன நிறம் என்று சண்டையிட்டார்கள். மயில்கழுத்து என்றாள் ஷகிலா. மயில்கழுத்தில் அந்தச் சிவப்பு எங்கே இருக்கிறது என்று வேலாத்தா கேட்டாள். வெள்ளையையே பல வெள்ளையாகப் பிரிக்கத் தெரிந்தவர்கள், அதற்கு ஒரு பெயர் வைக்கமுடியாமல், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களையும் இழுத்துப் பேசி, கடைசியில் நாளைக்கு வேறாகத்தானே இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். மரகதமணி ஜன்னலோரம் உட்கார்ந்து, முகத்தில் வெயில் படும்படி, கண்ணை மூடிக்கொண்டு வந்தாள்.

பஸ் நிறுத்தத்திலிருந்து கம்பெனி வாசல்வரை வெட்டவெளி. அவள் நிழல் அவளுக்கு முன்னால் நீண்டு போய்க்கொண்டிருந்தது, எல்லோருடையதையும் போல, பார்த்துப் பார்த்துச் சலித்த அதே கறுப்பு. வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோதுதான் பார்த்தாள். அவளுடைய வலது குதிகாலில், வெடிப்புகளுக்கு நடுவே, அந்தக் கறுப்பு நிழல் புறப்படுகிற இடத்தில், ஓரம் மடங்காமல், பிசகாமல், வட்டமாக ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.